பத்து நாளைக்கு ஒரு நாற்காலி

அக்காவுக்கு ஆபரேஷன் தேதி குறித்துவிட்டார்கள் என்று போன் வந்தபோது எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். பயம் அதற்கப்புறம்தான் வந்தது, அழுகை அதற்கும் அப்புறம். எங்கள் அம்மா உயிரோடு இருந்து இதைக் கேட்டிருந்தால் விளக்குமாற்றைத் தேடியிருப்பாள். யாருக்குத் தெரிந்தாலும் அக்காவுக்கு மட்டும் இது தெரியவே கூடாது என்று நினைத்திருந்தேன். என் வீட்டுக்காரரிடம் மட்டும்தான் சொன்னேன். அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

முதலில் கடையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஒன்றும் விளங்காது.

எங்களுடையது லாண்டரி. முன்னால் துணி வாங்கிப் போட ஒரு மேஜை, பின்னால் மூன்று வாஷிங் மெஷின், ஒரு டிரையர், நீராவிக்கு ஒரு பாய்லர், இஸ்திரி போட இரண்டு மேஜை. இருபத்திரண்டு வருஷமாக அந்தச் சத்தத்துக்கு நடுவில் நின்றதில் வீட்டிலும் கத்திப் பேசியே எங்களுக்குப் பழக்கமாகிவிட்டது. இவர் மட்டும் கத்தமாட்டார். பேசினால்தானே கத்துவதற்கு? எதைக் கேட்டாலும் "ம்" என்பார். சரி, வேண்டாம், பசிக்கிறது, தலை வலிக்கிறது, எல்லாமே அந்த ஒரு "ம்"முக்குள் அடக்கம். எந்த "ம்" எதற்கு என்று கண்டுபிடிப்பது என் தலையெழுத்து.

மூன்றாவது ஆள் இவருடைய தங்கை. முன் மேஜை அவள் பொறுப்பு. அவளுக்கு டைரக்டர் என்று பெயர் வைத்தது நான்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பெரிய கம்பெனி, போனில் தட்டினால் வாசலுக்கே வந்து துணி வாங்கிப் போகிறோம் என்று கிளம்பியது. எங்களிடம் போட்டுக்கொண்டிருந்த விடுதிகள் ஒவ்வொன்றாக நழுவின. ஒரு மெஷின் சும்மா நின்றது, அப்புறம் இரண்டு. அப்போதுதான் அவள் போனில் மூன்று நாள் பாடம் கேட்டாள், சின்னச் சின்ன வீடியோ போட்டுக் கடையை வளர்ப்பது எப்படி என்று. பாடம் நடத்தியவர் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னாராம்: உண்மையாக இருக்க வேண்டும், ஜனங்கள் பொய்யை மோந்தே கண்டுபிடித்துவிடுவார்கள்.

"அண்ணி, நீங்க நீங்களா இருக்கணும். அவ்வளவுதான்."

"இப்ப மட்டும் நான் என்ன பக்கத்து வீட்டுக்காரியாவா இருக்கேன்?"

"கேமரா முன்னாடியும் அப்படியே இருக்கணும்னு சொல்றேன்."

முதல் பத்து வீடியோவில் நான் பக்கத்து வீட்டுக்காரியாகத்தான் இருந்தேன். தலையைப் படிய வாரி, நல்ல உடுப்புப் போட்டு, பல்லைக் காட்டிக்கொண்டு, "வாங்க வாங்க, உங்க துணி எங்க பொறுப்பு" என்று ஒப்பித்தேன். பதினோரு பேர் பார்த்தார்கள். அதில் நாங்கள் மூன்று பேர், என் பிள்ளைகள் இரண்டு பேர், அக்கா ஒருத்தி. மீதி ஐந்து பேர் யார் என்று எனக்கு இன்னமும் தெரியாது, நல்லா இருக்கட்டும்.

பதினோராவது வீடியோ எடுத்த அன்று ஒரு விடுதியின் நாற்பது பெட்ஷீட்டுக்கு இஸ்திரி போட்டு முடித்திருந்தேன். ஒப்பிக்க வேண்டியதை ஒப்பித்தேன். டைரக்டர் "கட்" என்றாள். கேமரா நின்றுவிட்டது என்று நினைத்து, இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டு, இடுப்பில் இரண்டு கையையும் ஊன்றி, "அம்மாடி..." என்று ஒரு பெருமூச்சு விட்டேன். அவள் நிறுத்தும் பொத்தானை அமுக்கத் தாமதமாகிவிட்டது. அன்று விளையாட்டாக அந்தக் கடைசித் துண்டை மட்டும் வெட்டிப் போட்டாள்.

மறுநாள் காலையில் போன் சூடாகிவிட்டது. லட்சக்கணக்கில் பார்த்திருந்தார்கள். எங்க அம்மா மாதிரியே இருக்காங்க என்று ஒருவர். ஆபீஸ்ல நான் இப்படித்தான் என்று ஒருவர். அந்த அக்காவுக்கு யாராவது ஒரு நாற்காலி போடுங்கப்பா என்று ஒருவர். அதற்கு மட்டும் எட்டாயிரம் பேர் ஆமாம் போட்டிருந்தார்கள். எட்டாயிரம் பேரில் ஒருவரும் நாற்காலி கொண்டுவரவில்லை. இருந்த ஒரு நாற்காலியையும் டைரக்டர் எடுத்துப் பின்கட்டில் போட்டுவிட்டாள், அது தெரிந்தால் களைப்பு எடுபடாதாம்.

அன்றிலிருந்து எனக்கு ஊரெல்லாம் களைப்பு அக்கா என்று பெயர். டைரக்டரும் ஒரு பாடம் கற்றுக்கொண்டாள். "கட்டுக்கு அப்புறம்தான் அண்ணி உண்மை வருது" என்பாள். அதனால் "கட்" என்று சொல்வாளே தவிர, கேமராவை நிறுத்தவே மாட்டாள். போனை ஹேங்கர் கட்டு ஒன்றின் மேல் சாய்த்துவைத்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுவாள், போன் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

கடைக்கு ஆள் வந்தது. விடுதிகள் திரும்பி வந்தன. நான்காவதாக ஒரு மெஷினே வாங்கினோம். நன்றி கெட்டவள் இல்லை நான், அந்தப் பெருமூச்சு போட்ட சோற்றைத்தான் தின்கிறோம். ஆனால் ஒன்று. நான் களைத்ததைப் பார்த்து ஆள் வந்தது, ஆள் வந்ததில் இன்னும் களைத்தேன். தினம் ஒரு வீடியோ, தினம் ஒரு பெருமூச்சு. "இன்னும் இயல்பா, அண்ணி", "தோள் இன்னும் தொங்கட்டும், அண்ணி", "இப்ப விட்டது கொஞ்சம் கோவமா இருந்துச்சு, அண்ணி." ஒரு நாள் தப்பித் தவறி எட்டு மணி நேரம் தூங்கிவிட்டு வந்தேன். என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு முகம் செத்துவிட்டது. "என்ன அண்ணி இவ்வளவு ஃப்ரெஷ்ஷா வந்து நிக்கிறீங்க?" என்றாள், நான் என்னமோ திருடிவிட்டு வந்த மாதிரி.

பட்டுத் தெரிந்துகொண்டது ஒன்று உண்டு. நிஜமாகக் களைத்தவள் பெருமூச்சு விடமாட்டாள். அதற்கும் தெம்பு வேண்டும். அந்த முதல் பெருமூச்சுக்கு அப்புறம் நான் விட்டதெல்லாம் சுத்த நடிப்பு. நிஜக் களைப்பு வரும்போது முகத்தில் ஒன்றுமே இருக்காது, துடைத்துவைத்த தட்டு மாதிரி இருக்கும். அதை யார் பார்ப்பார்கள்?

அக்கா பார்ப்பாள். என்னைவிட எட்டு வயது மூத்தவள், ரயிலில் ஒரு நாள் போனால் வரும் ஊரில் இருக்கிறாள். அத்தான் போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகன், அவனும் எங்கோ தூரத்தில் வேலை, நினைத்த நேரம் லீவு கிடைக்காது. தினம் காலை பத்து மணிக்கு எங்கள் வீடியோ வரும், பத்து மணி ஒரு நிமிஷத்துக்கு அக்காவின் ஹார்ட் விழும். பார்ப்பதற்கு முன்னாலேயே அமுக்கிவிடுவாள். "முதல்ல நான்தான் இருக்கணும்டி, எவளோ ஒருத்தி வந்து முந்திக்கக் கூடாது" என்பாள். நான் அவளைப் போய்ப் பார்த்து மூன்று வருஷம் ஆகியிருந்தது.

என் இரண்டு பிரசவத்துக்கும் தன் வீட்டை அப்படியே போட்டுவிட்டு வந்தவள் அவள். குழந்தை வீறிட்டால் நான் பதறி எழுவேன். "நீ தூங்குடி, நான் பாத்துக்கிறேன்" என்று என்னைப் பிடித்துத் தள்ளிப் படுக்கவைப்பாள். நாற்பது நாள் அப்படித் தூங்கினேன். அதுதான் நான் கடைசியாகத் தூங்கிய தூக்கம் என்று நினைக்கிறேன்.

அப்படிப்பட்டவளுக்கு வயிற்றில் கட்டி, எடுத்தே ஆக வேண்டும், எடுத்த பிறகுதான் நல்லதா கெட்டதா என்று சொல்வார்கள், கூட இருக்க ஆள் வேண்டும், பத்து நாள் ஆகும் என்று போன் வருகிறது. என் காதில் மற்றதெல்லாம் அப்புறம் விழுந்தது. பத்து நாள் என்பதுதான் முதலில் விழுந்தது.

"போய்ட்டு வாங்க அண்ணி" என்று டைரக்டர் உடனே சொன்னாள், குறை சொல்லக் கூடாது. "ஆனா பத்து நாளும் வீடியோ நிக்கக் கூடாது. நின்னா ஜனங்க மறந்துருவாங்க. போறதுக்கு முன்னாடி பத்து எடுத்து வெச்சிருவோம்."

ஒரே நாளில் பத்துப் பெருமூச்சு. ஐந்து மேல்சட்டை கொண்டுவந்தேன், ஒவ்வொன்றிலும் இரண்டு. ஒரு முறை கொண்டை, ஒரு முறை பின்னல். நடுநடுவே வாடிக்கையாளர் வந்தால் நிறுத்துவது, போனதும் மறுபடி தோளைத் தொங்கவிடுவது. ஆறாவதற்கு மேல் எனக்கு மூச்சே வரவில்லை, கொட்டாவிதான் வந்தது. "கொட்டாவி வேண்டாம் அண்ணி, அது சோம்பேறித்தனம் மாதிரி தெரியுது" என்றாள். அந்த இஸ்திரிப் பெட்டியைக் கொண்டு எதையாவது செய்துவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது.

சாயங்காலம் பத்தாவதும் முடிந்தது. "கட்! சூப்பர் அண்ணி!" என்று சொல்லிவிட்டு அவள் மாடியில் காயும் துணியை எடுக்க ஓடினாள். இவர் பாய்லரை அணைத்தார், மெஷின்களை நிறுத்தினார். கடை திடீரென்று அமைதியாகிவிட்டது. கூடையில் டபுள் பெட்ஷீட் இருபது கிடந்தது. இவர் ஒரு முனையைப் பிடித்தார், நான் எதிர் முனையைப் பிடித்தேன்.

பெட்ஷீட் மடிக்கிற வேலையில் ஒரு சௌகரியம் உண்டு. உதறி இழுத்துவிட்டு, முனையோடு முனை சேர்க்க இரண்டு பேரும் நடந்து வந்து எதிரும் புதிருமாக நிற்க வேண்டும். நாள் முழுக்க முகம் பார்க்காத நாங்கள் முகம் பார்ப்பது அப்போதுதான். இத்தனை வருஷத்தில் சண்டை, சமாதானம், பிள்ளைகளின் படிப்பு எல்லாம் பெட்ஷீட்டுக்கு நடுவில்தான் பேசி முடித்திருக்கிறோம்.

நான்காவது பெட்ஷீட்டுக்கு நான் சொன்னேன். "ஒண்ணு சொல்லட்டுமா? தப்பா எடுத்துக்காதீங்க."

"ம்."

"அக்காவுக்கு ஆபரேஷன்னு போன் வந்தப்ப எனக்கு அழுகை வரலை. சந்தோஷமா இருந்துச்சு." அடுத்த முனையைச் சேர்த்தேன். "அப்பாடா, பத்து நாள் ஒரு நாற்காலில உக்காரலாம்னு தோணுச்சு. யாரும் இஸ்திரி போடச் சொல்ல மாட்டாங்க, மூச்சு விடச் சொல்ல மாட்டாங்கன்னு. அவ வயித்தக் கிழிக்கப் போறாங்க, நான் நாற்காலிய நெனச்சுக்கிட்டு நிக்கிறேன். எனக்கு அவ மேல பாசமே இல்லையோன்னு இருக்கு. நான்லாம் என்ன மனுஷி?"

இவர் "ம்" என்று சொல்லவில்லை. என் கையிலிருந்து பெட்ஷீட்டை வாங்கினார். துணிக் கூடை ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, "உக்காரு" என்றார். அப்புறம் அந்த டபுள் பெட்ஷீட்டைத் தனியாக மடிக்க ஆரம்பித்தார். நடுப்பகுதியைத் தாடையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, இரண்டு கையையும் விரித்து, அது ஒரு பக்கம் நழுவ இவர் ஒரு பக்கம் குனிய, ஒரே கூத்து. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கூடை மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஹேங்கர் கட்டின் மேல் சாய்ந்திருந்த போன் என் நினைவுக்கே வரவில்லை. பத்து எண்ணி முடித்தாயிற்று அல்லவா, இனி என்ன என்று இருந்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் நாற்காலி இருந்தது. நீல நிறத்தில் பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு கால் மட்டும் ஆடும். உட்காரத்தான் நேரம் கிடைக்கவில்லை. மூன்றாவது மாடியில் வார்டு, மருந்துக் கடை தரைத்தளத்தில், ரத்தப் பரிசோதனை அடுத்த கட்டடத்தில், கையெழுத்து வாங்குவது எங்கே என்று அவர்களுக்கே தெரியாது. ஆபரேஷன் நாலு மணி நேரம் நடந்தது. அந்த நாலு மணி நேரமும் நாற்காலி சும்மாதான் கிடந்தது, நான் நடந்துகொண்டே இருந்தேன். கெட்ட கட்டி இல்லை என்று இரண்டு நாள் கழித்து டாக்டர் வந்து சொன்னபோது உட்கார்ந்திருக்கலாம். அப்போதும் சுவரைத்தான் பிடித்துக்கொண்டேன்.

வார்டில் என்னை அடையாளம் தெரியாதவர்கள் இல்லை. டிரிப்ஸ் மாற்ற வந்த நர்ஸ் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டே, "நீங்க களைப்பு அக்காதானே? ஒரே ஒரு தடவ அந்த மூச்ச விடுங்களேன், ப்ளீஸ்" என்றாள். ஊசி குத்தப்போவது அக்காவுக்கு, அதனால் விட்டேன்.

அக்காவுக்கு மயக்கம் முழுசாகத் தெளிந்ததும் கேட்டது தன் போனைத்தான். பக்கத்திலேயே நான் குத்துக்கல் மாதிரி இருக்கிறேன், இவள் பத்து மணிக்குப் போனில் என்னைப் பார்க்கிறாள்.

"நேர்ல இருக்கேனே, என்னப் பாரேன்."

"போன்ல நீ கொஞ்சம் அழகா இருக்கடி" என்றாள். சிரிக்க முடியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் என் கையைப் பிடித்து, "எல்லாத்தையும் போட்டுட்டு எனக்காக ஓடி வந்திருக்க பாரு" என்றாள். நான் டிரிப்ஸ் பாட்டிலைப் பார்த்துக்கொண்டு தலையை ஆட்டினேன். அதை அவள் நல்ல மாதிரியாக எடுத்துக்கொண்டாள்.

ஆறாம் நாள். மருந்துக் கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தேன், எனக்கு முன்னால் ஒன்பது பேர். பத்தே முக்காலுக்கு டைரக்டர் கூப்பிட்டாள். எடுத்தேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. காலை பத்தே முக்காலுக்கு எங்கள் கடையில் ஒரு மெஷின்கூட ஓடவில்லை என்றால் குடி முழுகிவிட்டது என்று அர்த்தம்.

"அண்ணி, ஒரு தப்பு நடந்துபோச்சு."

"இவருக்கு என்ன?"

"அண்ணன் நல்லா இருக்காரு. வீடியோ அண்ணி. இன்னிக்குப் போட்டது..." அழுகிறாள் என்று அப்போதுதான் புரிந்தது.

எடுத்து வைத்த பத்தில் ஒன்றில் நீராவி லென்ஸை மூடியிருந்ததாம். அதற்குப் பதிலாக வேறு ஏதாவது கிடைக்குமா என்று தேடியிருக்கிறாள். பத்தாவதின் வாலில், நான் பெட்ஷீட் மடிக்கிறதும் கூடை மேல் உட்கார்கிறதும் நீளமாக ஓடியிருந்தது. இத்தனை மாசத்தில் இப்படி ஒரு முகத்தைப் பார்த்ததே இல்லை, அசல் களைப்பு என்று அதை எடுத்துக்கொண்டாள். அவள் எப்போதும் கண்ணால் பார்த்துத்தான் வீடியோவை வெட்டுவாள். கடை ஓடும்போது காதில் எதுவும் விழாது. இப்போதெல்லாம் எங்கள் வீடியோவில் மெஷின் இரைச்சலைத் தவிர ஒரு சத்தமும் இருக்காது, அதனால் எடுத்த எடுப்பில் சத்தத்தை அழித்துவிட்டுப் பாட்டுப் போடுவாள். இன்று அவசரத்தில் பாட்டை மட்டும் போட்டிருக்கிறாள், அடியில் இருந்த சத்தத்தை அழிக்க மறந்துவிட்டாள். வாய் அசைந்தது தெரிந்ததாம். ஏதோ துணிக் கணக்கு சொல்கிறேன் என்று நினைத்தாளாம். துணி போட வந்த ஒரு அம்மா, "உங்க அண்ணி சொன்னதக் கேட்டு மனசே சரியில்லம்மா" என்று கண்ணைத் துடைத்தபோதுதான், எல்லா மெஷினையும் நிறுத்திவிட்டுக் கேட்டிருக்கிறாள்.

"எடுத்துட்டேன் அண்ணி. உடனே அழிச்சுட்டேன்."

"எத்தன மணிக்குப் போட்ட?"

"பத்துக்கு."

"அக்கா பாத்தாளா?"

"மொத ஹார்ட் அவங்களோடதுதான் இருந்துச்சு. ஆனா அவங்க பாக்காமலேயே அமுக்குவாங்கல்ல? ஒருவேள பாத்திருக்க மாட்டாங்க." மூக்கை உறிஞ்சினாள். "பாத்திருந்தா நடிச்சதுன்னு சொல்லிருங்க அண்ணி. நான் எழுதிக் குடுத்தேன், நீங்க பேசினீங்கன்னு சொல்லிருங்க. பழிய என் மேல போடுங்க."

வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர் "போங்கம்மா, உங்க முறை" என்று இடித்தார். மாத்திரையை வாங்கினேன். லிஃப்டுக்குக் கூட்டம் நின்றது, படியேறினேன். மூன்று மாடியும் ஏறும்போது நடிச்சது, நடிச்சது என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். ஒரு வருஷமாக நடித்ததை உண்மை என்று விற்றவளுக்கு, ஒரே ஒரு உண்மையை நடிப்பு என்று சொல்வது என்ன பெரிய கஷ்டம்?

அக்கா மல்லாந்து படுத்திருந்தாள். போன் வயிற்றுக்கு மேலே, போர்வையில் கவிழ்ந்து கிடந்தது. கண் மேல்கூரையில் இருந்தது.

"மாத்திரை கெடச்சுதா?"

"கெடச்சுது."

"உக்காரேன்."

நான் உட்காரவில்லை. அந்த நாற்காலியைப் பார்க்கவே கூசியது. மாத்திரை உறையை மேஜையில் வைத்தேன், எடுத்தேன், மறுபடி வைத்தேன்.

"அக்கா, இன்னிக்கு வீடியோ..."

"பாத்தேன். மூணு தடவ பாத்தேன். நாலாவது தடவ பாக்கலாம்னா காணாமப் போச்சு."

"அது நடிச்சதுக்கா. அவ எழுதிக் குடுத்தா, நான்..."

"போடி." திரும்பி என்னைப் பார்த்தாள். "மத்ததெல்லாம்தான் நடிப்பு. தோளத் தொங்கப் போட்டுக்கிட்டு, வாயப் பொளந்துக்கிட்டு. உன்னத் தூக்கி வளத்தவகிட்டயே கதை விடறியா? நீ நெசமாக் களைச்சா எப்படி இருப்பன்னு எனக்குத் தெரியும். இந்த ஒண்ணுலதான் அந்த மூஞ்சி இருந்துச்சு."

எதிர்க் கட்டிலில் இருந்த ஒரு அம்மா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவரும் கேட்டிருப்பார், சத்தமாகத்தானே வைத்துப் பார்ப்பாள் இவள்.

"அவர் தாடையால பெட்ஷீட் மடிக்கிறதப் பாத்துச் சிரிப்பு வந்துருச்சு. தையல் வலிக்குது." அக்கா வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. "சந்தோஷமா இருந்துச்சாடி?"

பொய் சொல்லத் தெம்பில்லை. "ஆமாக்கா."

அவள் கண் நிறைந்து, ஓரமாக வழிந்து, தலையணையில் இறங்கியது. துடைக்கவில்லை. நான் அவளை அடித்துவிட்ட மாதிரி நின்றேன். காலில் விழலாமா என்றுகூட நினைத்தேன், குனிந்தால் எழுந்திருக்க முடியுமா என்று தெரியவில்லை.

"அசதியா இருக்குன்னு ஒரு போன் பண்ணியிருந்தா, வந்து படுத்துக்கடின்னு சொல்லியிருக்க மாட்டேனா?" என்றாள். "இதுக்கு நான் வயித்தக் கிழிச்சுக்கணுமா?"

நான் அங்கேயே, நின்ற இடத்திலேயே அழுதேன். கேமராவுக்கு விடுகிற மூச்சு இல்லை, சளியும் விக்கலுமாக, அசிங்கமாக. எத்தனை வருஷத்து அழுகையோ, அக்காவின் ஆபரேஷனுக்கு வராத அழுகையும் சேர்ந்து வந்தது.

அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு, தையலை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்து, ஒரு சாண் நகர்ந்தாள். நிறுத்தி மூச்சு வாங்கினாள். இன்னும் ஒரு சாண் நகர்ந்தாள். நான் தடுக்கப் போனேன், கையைத் தட்டிவிட்டாள்.

"ஏறிப் படு."

"ஐயோ அக்கா, டிரிப்ஸ் ஓடுது, நர்ஸ் வந்தா..."

"வந்தா வரட்டும். நாற்காலில எவளாவது தூங்குவாளா? படுடி."

இரும்புக் கட்டில் ஒருத்திக்கே போதாது. ஓரத்தில், கம்பி முதுகில் உரச, ஒருக்களித்துப் படுத்தேன். மருந்து வாடையும் அக்காவின் வாடையும் கலந்து வந்தது. என் போன் பையில் அதிர்ந்துகொண்டே இருந்தது, டைரக்டராக இருக்கும். அக்கா டிரிப்ஸ் இல்லாத கையை நீட்டி அதை எடுத்துத் தன் தலையணைக்கு அடியில் சொருகினாள்.

யாரோ வந்தார்கள். "என்னம்மா இது, இதுல பேஷண்ட் யாரு?" என்று நர்ஸின் குரல் கேட்டது.

"கத்தாதீங்க சிஸ்டர்" என்றாள் அக்கா. "இப்பதான் கண்ண மூடியிருக்கா." அப்புறம் தலையை மட்டும் திருப்பி என் காதில், "நீ தூங்கு, நான் பாத்துக்கிறேன்" என்றாள்.

செருப்பைக் கழற்றினேனா என்று எனக்கு நினைவில்லை.